விக்கலுக்கு ஒரு பெயர்

எனக்கு விக்கல் பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். கம்பெனியின் பின்பக்கம் தகரக் கொட்டகை நிழலில் நாங்கள் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். இரண்டாவது கவளத்திலேயே தொண்டை ஒரு தூக்குத் தூக்கியது. பக்கத்தில் இருந்த அறிவுமதி தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் தள்ளினாள்.

"குடிக்கா. யாரோ உன்ன நினைச்சுக்கினு கீறாங்க."

"என்னை நினைக்க யாருடி கீறாங்க? சூப்பர்வைசர் நரசிம்மன் நினைச்சாத்தான் உண்டு, இன்னும் ரெண்டு கூடை வெட்டாம கெடக்குதேன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பின் நடுவில் மறுபடி விக்கல் வந்தது.

தண்டலத்தில் பெங்களூர் ரோட்டை ஒட்டி இருந்தது அந்த ரப்பர் கம்பெனி. பம்புக்கும் மருந்தடிக்கிற மெஷினுக்கும் வேண்டிய வாஷர், புஷ், டயாஃப்ரம் எல்லாம் அங்கே அச்சில் வெந்து வரும். வெந்த சாமானின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைப் பிளேடால் வெட்டுவது எங்கள் வேலை. எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் ராத்திரிச் சோற்றில் ரப்பர் வாசனை அடிக்கும். அதைக் குறை சொல்லி முகம் சுளிக்கக்கூட என் வீட்டில் இன்னொரு ஆள் கிடையாது.

என் பெயர் ஏலவார்குழலி. காஞ்சிபுரத்து அம்மன் பெயர். கூப்பிடுகிறவர்கள் குழலி என்று நறுக்கிவிட்டார்கள். பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய் ஐந்தாவது வருஷம் நடந்தது. போன ஆடியில் பக்கத்து நாட்டுப் பட்டாளம் அங்கே புகுந்துவிட்டது. அதற்குப் பிறகு நம் ஆட்கள் ஊர் ஊராக வந்து இறங்கினார்கள், போட்ட சட்டையோடு, பெட்டி படுக்கை இல்லாமல். இவர் வரவில்லை. புரட்டாசியில் குன்றத்தூரில் இருக்கும் நாத்தனார் ரத்னாவிடம் போய்க் கேட்டேன். "எங்களுக்கும் ஒண்ணும் தெர்ல அண்ணி" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் எனக்கும் கல்யாணப் பந்தலிலேயே முட்டிக்கொண்டது. அதற்கு மேல் அந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

தை மாசம் வானத்திலிருந்து குண்டு போட்டார்கள். மாசியில் சண்டை முடிந்துவிட்டது என்று டீக்கடை ரேடியோ சொன்னது. முடிந்து எனக்கென்ன? என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஒரு நாதியில்லை. காலையில் குங்குமச் சிமிழைத் திறந்தால் வைக்கலாமா வேண்டாமா என்று விரல் ஒரு கணம் நிற்கும். வைத்துக்கொண்டுதான் போவேன். ஆனால் அந்த ஒரு கணம் அன்றைக்குப் பூராவும் கூடவே வரும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் இந்த விக்கல் வந்தது.

தண்ணீர் குடித்தேன், சர்க்கரை தின்றேன், மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினேன். நிற்கவில்லை. திடுக்கென்று பயமுறுத்தினால் நின்றுவிடும் என்று ஒருத்தி பின்னால் வந்து, "இன்னாக்கா, ஸ்டோர்ல மூட்டையத் தூக்கினது நீதானாமே!" என்று கத்தினாள். எனக்குக் கோபம் வந்தது, விக்கல் போகவில்லை.

"நினைக்கிறவங்க பேரச் சொன்னா டக்குன்னு நின்னுடும்" என்றாள் எதிரில் இருந்த சௌந்தர்யா. இது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். செத்துப்போன என் அம்மா பெயரைச் சொன்னார்கள். பேச்சு வார்த்தை இல்லாத என் அண்ணன் பெயரைச் சொன்னார்கள். நரசிம்மன் பெயரையும் விடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்வது போல விக்கல் வந்துகொண்டிருந்தது.

"கட்டினவரு பேர வுட்டுட்டியேக்கா."

"அத நான் சொல்ல மாட்டேன்" என்றேன். பக்தி ஒன்றும் இல்லை, பழக்கம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பின்னால் நிற்கிற ஆளை விட்டுத்தான் சொல்லச் சொல்வேன்.

சௌந்தர்யாவே சத்தமாகச் சொன்னாள். "கன்னியப்பன்!"

எல்லாரும் என் தொண்டையையே பார்த்தார்கள். வரவில்லை. சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைக்கும் வரை வரவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். "அண்ணன் உயிரோட கீறாரு! உன்னத்தான் நினைச்சுக்கினு கீறாரு!" என்று சௌந்தர்யா என் தோளைப் பிடித்து ஆட்டினாள். அறிவுமதி மட்டும் கை தட்டாமல், மிச்சச் சோற்றை அப்படியே டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருந்த என் வீட்டுக்குப் போகும்போது விக்கல் திரும்பி வந்தது. வேறு நாளாக இருந்தால் எரிச்சல் வந்திருக்கும். அன்றைக்கு எனக்கு உள்ளே குளிர்ந்துபோயிற்று. ஷிப்டு முடித்துவிட்டு மறுபடி நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியக்காரத்தனமா என்று கேட்கலாம். கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லையே.

அவர் எனக்குத் தெரிந்து என்னை நினைத்ததாகச் சொன்னதில்லை. திட்டவும் மாட்டார், கொஞ்சவும் மாட்டார். குவைத்திலிருந்து ஒரே ஒரு தடவை கேசட்டில் பேசி ஆள் மூலம் அனுப்பினார். அதில் பேச்சு பாதி, "அப்புறம்" பாதி. "மழை பெஞ்சுதா? அப்புறம்... ரத்னா வூட்டுக்குப் போனியா? அப்புறம்..." ஒவ்வொரு அப்புறத்துக்கும் பிறகு அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். அந்த மூச்சைக் கேட்கத்தான் நான் கேசட்டைப் போடுவேன். இப்போது கேசட் தேவைப்படவில்லை. அவர் நினைப்பு என் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே வந்து கதவைத் தட்டுகிறது. குங்குமம் வைக்கும்போது விரல் நிற்கவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் போயிற்று. சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே கண்ணயர்ந்தேன். வலது விலாவில் ஊசி குத்துவது போல ஒரு வலி. மாலையானால் உடம்பு கணகணவென்று காய்ந்தது. அதற்கு முன்பே ஒரு மாசமாக வறட்டு இருமல் இருந்தது, ரப்பர் புகை என்று விட்டுவிட்டேன். "பாவம்க்கா, டாக்டர்கிட்ட காட்டு" என்று மற்றவர்கள் சொன்னபோது, "அவரு அங்க இன்னா கஷ்டத்துல கீறாரோ, இந்த அளவுக்கு நினைக்கிறாரு" என்று பெருமையாகத்தான் பதில் சொன்னேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாரம் என் வாயை மூடத்தான் ஒரு மூடி வேண்டியிருந்தது.

பிளேடு பிடித்த கையோடு ஒரு விக்கல் பலமாக வந்து, இடது கட்டைவிரல் கிழிந்தது. ரத்தம் ஒரு கூடை டயாஃப்ரத்தின் மேல் சொட்டியது. நரசிம்மன் ஓடி வந்தார். கூடையைப் பார்த்தார், பிறகு விரலைப் பார்த்தார். "மொதல்ல இ.எஸ்.ஐ. போம்மா. அந்த விக்கல நிறுத்திட்டு வா. அதுவரைக்கும் பிளேடு தொடாத" என்று அறிவுமதியைத் துணைக்கு அனுப்பினார்.

டாக்டர் பாண்டுரங்கன் நரைத்த மீசைக்காரர். விரலுக்குத் தையல் போட்டுக்கொண்டே என் விக்கலைக் கவனித்தார். முதுகில் விரலை வைத்துத் தட்டித் தட்டிக் கேட்டார். இடது பக்கம் காலிக் குடத்தைத் தட்டுவது போலவும், வலது பக்கம் கீழே நிறைகுடத்தைத் தட்டுவது போலவும் எனக்கே சத்தம் வித்தியாசமாகக் கேட்டது. படுக்கச் சொல்லி வயிற்றின் மேல் கை வைத்து மூச்சு விடச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னை உட்கார வைத்தார்.

"மூச்ச எது இழுக்குது, சொல்லும்மா?"

"மூக்குதான் சார்."

"மூக்கு வெறும் வாசப்படி. இழுக்கிற ஆள் வேற." தன் உள்ளங்கையைக் குழிவாகக் கவிழ்த்துக் காட்டினார். "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இந்த மாதிரி குடையாட்டம் ஒரு தசை கீழ கவுந்து இருக்கு. உதரவிதானம்னு பேரு. கோயில்ல சாமிக்கு மேல விதானம் கட்டுவாங்கல்ல, அது மாதிரி வயித்துக்கு மேல கட்டின விதானம். அது இறுகிக் கீழ இறங்கும்போது நெஞ்சுல இடம் பெருசாகும், காத்து தன்னால உள்ள வரும்." கையைத் தட்டையாக்கினார். மறுபடி குழித்தார். "தளர்ந்து மேல ஏறும்போது காத்து வெளிய போவும். இங்கிலீஷ்ல டயாஃப்ரம்னு சொல்வோம்."

"அத்த நாங்க செய்யறோமே சார். பம்புக்கு."

அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "அதேதான்! அது அசைஞ்சா தண்ணி வருது, இது அசைஞ்சா காத்து வருது. ஆனா உங்க டயாஃப்ரத்துக்கு மோட்டார் வேணும், சுவிட்சு போட ஆள் வேணும். இதுக்கு யாரும் வேணாம். நீ தூங்கினாலும் சரி, மறந்தாலும் சரி, யாரும் திரும்பிப் பாக்காட்டியும் சரி, அது பாட்டுக்கு ஏறி இறங்கும். பொறந்த அன்னிக்கு ஆரம்பிச்சது." எக்ஸ்ரேயை எடுத்து வலது பக்கம் வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் பேனாவை வைத்தார். "இங்க நுரையீரலச் சுத்தி நீர் கோத்திருக்கு. காசநோயாத்தான் இருக்கும், பயப்படாத, இப்ப மருந்து இருக்கு. அந்த இடத்துல இருக்கிற புண்ணு விதானத்தச் சீண்டிக்கிட்டே இருக்கு. சீண்டினா அது வெடுக்குனு இழுக்குது, தொண்டை அடைச்சுக்குது. அதான் உன் விக்கல். நீர ஊசி வச்சு எடுத்துட்டு மருந்து ஆரம்பிச்சா நின்னுடும்."

"நின்னுடுமா சார்?"

"நின்னுடும்."

"அப்ப வேணாம் சார்" என்று நான் எழுந்துவிட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. அறிவுமதிதான் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, உன்ன யாரும் நினைக்கல. உள்ள இருக்கிற தண்ணிதான் நினைக்குது. இப்படியே விட்டா அது ஏறிக்கிட்டே போவும். மூச்சு விட எடம் இருக்காது. செத்துப் போயிடுவ, தெரியுதா?"

"அவரு பேரச் சொன்னப்ப நின்னுச்சு சார். எல்லாரும் பாத்தாங்க."

"விக்கல் நடுவுல நடுவுல தானா நிக்கும். அப்ப நீ கத்திரிக்கான்னு சொல்லியிருந்தாலும் நின்னிருக்கும்!"

படித்தவர், அவர் சொல்வது நிஜமாகத்தான் இருக்கும் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் அந்த நிஜத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? குவைத்தில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு என் கையில் இருந்த ஒரே சாட்சி அந்த விக்கல்தான். நிறுத்திவிட்டால் மறுபடி குங்குமச் சிமிழின் முன்னால் விரல் நிற்கும். என் கையாலேயே அவர் மூச்சை நிறுத்துகிற மாதிரி இருந்தது எனக்கு. ஊசிக்குச் சம்மதக் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அறிவுமதி கஞ்சியோடு வந்தாள். குன்றத்தூர்க்காரி அவள். பூந்தமல்லி வந்து பஸ் மாறித் தினமும் வேலைக்கு வருகிறவள், லீவு நாளில் அவ்வளவு தூரம் எனக்காக வந்திருந்தாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் மூச்சு வாங்கியது, நடுவில் விக்கல் வேறு. தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா. உன் காலப் புடிச்சுக் கேக்கறேன்."

"அவரு வந்ததும் போறேன்டி."

அவள் கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அழ ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. சாகப் போகிறவள் நான், அழுகிறவள் இவள்.

"அக்கா, அண்ணன் உயிரோடதான் கீறாரு."

"அத்தத்தானே நானும் சொல்லிக்கினு கீறேன்."

"விக்கல வச்சு சொல்லலக்கா. நான் பாத்தேன். நீ டப்பா பையில வச்சிருக்கிற போட்டோவுல இருக்கிறவரேதான். எங்க ஊர்லதான் கீறாரு. ரத்னாக்கா வூட்ல. ஐப்பசியிலயே வந்துட்டாராம்."

திடுக்கிட்டால் விக்கல் நின்றுவிடும் என்பார்கள் அல்லவா, என் ஆயுசில் அதைவிடப் பெரிய திடுக்கிடல் எனக்கு வரப்போவதில்லை. விக்கல் நிற்கவில்லை. உடம்பு யாருடைய செய்தியையும் கேட்டு நடப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"எப்பலேர்ந்து உனக்குத் தெரியும்?"

"ஒரு மாசமா. எப்டிக்கா சொல்றது? நீ விக்கல் வந்ததுக்கே அவ்ளோ சந்தோஷப்பட்ட."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு, அவள் தோளைப் பிடித்தபடி பஸ் ஏறினேன். பூந்தமல்லியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் மாங்காடு தாண்டி, குன்றத்தூர் மலை கண்ணில் படும் தூரத்துக்கு வந்தோம். உயிரோடு இருக்கிறார் என்று சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். கல்லானாலும் கணவன் என்பார்கள். கல்லாக இருந்தால் வைத்த இடத்தில் இருந்திருக்கும்.

ரத்னா வீட்டு வாசலில் ஒரு செங்கல் லாரி நின்றிருந்தது. லாரி நிழலில் கயிற்றுக் கட்டிலில் ஒருவர் துண்டால் முகத்தை மூடிப் படுத்திருந்தார். அறிவுமதி தெருமுனையிலேயே நின்றுகொண்டாள். எனக்கு முகம் பார்க்கத் தேவைப்படவில்லை. பனியனுக்குள் வயிறு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கியது. கல்யாணமான புதிதில் பேச எதுவும் இல்லாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டே இருந்த வயிறு அது. இத்தனை மாசமாகக் குண்டு விழுந்ததோ, பசியோ, பட்டினியோ என்று நான் துடித்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அது இதே மாதிரி நிம்மதியாக ஏறி இறங்கியிருக்கிறது.

என் விக்கல் சத்தத்தில்தான் அவர் விழித்தார். துண்டை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். திருட்டு முழி முழிப்பார் என்று நினைத்தேன். அதுகூட இல்லை.

"குழலியா? இன்னா இப்டி எளைச்சுட்ட? உக்காரு."

ரத்னா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "நானே போய்ச் சொல்றேன்னு அண்ணன் சொல்லிக்கினே இருந்துச்சு அண்ணி, அதான் நான்..." என்று இழுத்துவிட்டு உள்ளே போனாள்.

நான் கட்டிலில் உட்காரவில்லை. லாரியின் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வந்தது தெரிஞ்சிருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேனே. ஏன் வரல?"

அவர் துண்டை மடித்தார், பிரித்தார். "வரலாம்னுதான் இருந்தேன். எல்லாத்தையும் வுட்டுட்டு வெறுங்கையோட வந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கினு உன் முன்னால வந்து நிக்கிறதுன்னு கொஞ்ச நாள் போச்சு. அப்புறம் இந்த லாரி கெடச்சுது. அப்புறம்..."

"அப்புறம்?"

"அப்புறம் அப்டியே இருந்துட்டேன்."

"வேற யாராச்சும் கீறாங்களா?"

"சேச்சே. அந்த மாதிரில்லாம் ஒண்ணும் இல்ல."

அது பொய்யில்லை. அவருக்குப் பொய் சொல்ல வராது. வேறொருத்தி இருந்திருந்தால் அவளை நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பேன். இங்கே திட்டுவதற்கும் ஆள் இல்லை. என் இடத்தில் யாரும் வந்து உட்காரவில்லை, அப்படி ஒரு இடம் இருப்பதே அவர் நினைவிலிருந்து போய்விட்டது.

"செங்கல் எங்க ஏத்திக்கினு போறீங்க?"

"ஸ்ரீபெரும்புதூர் பக்கந்தான். நெறைய கட்றாங்க இப்ப."

"தண்டலம் வழியாவா?"

"ஆமா. அந்த ரோடுதானே" என்றார், வழி கேட்ட ஆளுக்குச் சொல்வது போல.

அந்த நேரம் பார்த்து விக்கல் அடுத்தடுத்து வந்து என்னைக் குலுக்கியது. மூச்சு கிடைக்காமல் லாரியில் சாய்ந்தேன். அவர் பதறிப்போய் எழுந்தார். ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "ரத்னா, சீக்கிரம் தண்ணி எடுத்தா" என்று குரல் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி ஆறுதலாகச் சொன்னார்.

"யாரோ உன்ன நினைக்கிறாங்க போல கீது."

சொம்போடு வந்த ரத்னா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவளுக்குச் சுருக்கென்றது, முகத்தில் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் காத்துக்கொண்டிருந்தார்.

"நினைக்கிறவங்க பேரச் சொன்னா நின்னுடுமாம்" என்றேன். "சொல்லிப் பாக்கட்டா?"

"சொல்லு, சொல்லு."

"கன்னியப்பன்."

தாலி கட்டிய நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். வந்தபோது வேறு யாரோ ஒரு ஆளின் பெயர் போலத்தான் இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மூன்று பேரும் காத்திருந்தோம். எல்லாம் தெரிந்த பிறகும், நின்றுவிடாதா என்று நானும் காத்திருந்தேன். அந்த அற்ப ஆசைக்காக இன்றைக்கும் என்னை நானே நொந்துகொள்வேன்.

விக்கல் வந்தது. முன்னைவிடப் பலமாகவே வந்தது.

"இல்ல" என்றேன். "அந்த ஆளு இல்ல."

சொம்பை வாங்காமல் திரும்பி நடந்தேன். "லாரில கொண்டாந்து வுடட்டா?" என்று பின்னால் குரல் கேட்டது. "பஸ் கீது" என்றேன். தெருமுனையில் நின்ற அறிவுமதி ஓடி வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். "டாக்டர் எந்த நேரத்துல இருப்பாரு?" என்று நான்தான் கேட்டேன்.

பாண்டுரங்கன் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முதுகுப் பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, இன்னொரு ஊசியைச் செருகி நீரை எடுத்தார்கள். வைக்கோல் நிறத்தில் பாத்திரம் நிறைய வந்தது. இத்தனை நாள் புருஷன் நினைப்பு என்று நான் சுமந்துகொண்டு திரிந்தது இதுதான். பார்த்தபோது சிரிப்பு வந்தது, சிரிக்க விலா வலித்தது. மாத்திரையும் ஊசியுமாகத் தொடங்கினார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் விக்கல் நின்றுபோயிற்று.

நின்றதும் எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. வந்த விருந்தாளி சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப்போன வீடு மாதிரி உள்ளே எல்லாம் அமைதியாக இருந்தது. அந்தத் தொல்லை வேண்டும் போல இருந்தது. பக்கத்துக் கட்டில்களுக்கெல்லாம் ஆட்கள் தூக்குச்சட்டியோடு வந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

சாயங்கால ஷிப்டுக்குப் போகிற வழியில் அறிவுமதி எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் என் முகத்தையே கவனித்தாள்.

"நின்னுடுச்சாக்கா?"

"நின்னுடுச்சு."

அவளுக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. ஆரஞ்சுப் பழத்தை உரித்து, சுளையை என் கையில் வைத்தாள்.

"இந்தாடி, இனிமே நீ என்னை நினைச்சா நேர்ல வந்து வாயால சொல்லிடு" என்றேன். "விக்கல்ல சொல்லி அனுப்பாத."

அவள் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

அவள் போன பிறகு, டாக்டர் சொல்லியிருந்தபடி மல்லாந்து படுத்தேன். சுருங்கிய நுரையீரல் விரிய இதுதான் பயிற்சி, தோளைத் தூக்காதே, வயிற்றின் மேல் கை வை, கை மேலே வர வேண்டும் என்று சொல்லியிருந்தார். முதலில் நானே இழுத்து இழுத்து விட்டேன். பிறகு களைத்துப்போய், ஜன்னலுக்கு வெளியே ரோட்டில் போகும் லாரிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். எதில் செங்கல் போகிறது, எதில் மணல் போகிறது என்று எனக்கு எதற்கு. மூச்சு விட வேண்டும் என்பதையே மறந்துவிட்டேன்.

கை அசைவது தெரிந்து குனிந்து பார்த்தேன். தையல் போட்ட கட்டைவிரலோடு என் கை வயிற்றின் மேல் மெல்ல ஏறியது, இறங்கியது. யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. அது மறுபடியும் ஏறியது.